தூக்கியவரும் தூக்கவிட்டவரும்

தொண்ணூறுகளில் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கோ பாண்டி பஜாருக்கோ துணி எடுக்க வந்த அம்மாக்களின் கையைப் பிள்ளைகள் பிடித்து இழுத்து நிறுத்திய கடைகளில் டிரம்ப் கார்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு அட்டைக்கு ஒரு மல்யுத்த வீரர். படத்துக்குக் கீழே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு, போட்ட சண்டைகள், ஜெயித்த சண்டைகள். மயிலாப்பூர் மாட வீதி வீடுகளிலும் அடையாறு குடியிருப்புகளின் மாடிப்படிகளிலும் கோடை விடுமுறை முழுக்க இந்த எண்கள்தான் மோதிக்கொண்டன. ஒருவன் 'உயரம்' என்று கூப்பிடுவான். யாரிடம் உயரமான ஆள் இருக்கிறாரோ அவனுக்கு மற்றவனின் கார்டு போய்ச் சேரும்.

அந்த ஆட்டத்தில் எவரும் வெல்ல முடியாத உயரம் ஒன்று உண்டு. அர்ஜென்டினாவின் ஹோர்ஹே கொன்சாலஸ் கூடைப்பந்து ஆடியவர். 1988இல் அமெரிக்காவின் அட்லான்டா ஹாக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. பிறகு மல்யுத்தத்துக்கு வந்தார். 'ஜயன்ட் கொன்சாலஸ்' என்ற பெயரில் அவரை எட்டடி மனிதர் என்று அறிவித்தார்கள். உண்மை உயரம் ஏழரை அடியை ஒட்டியது. அதுவே போதும் மலைப்பதற்கு. 1993 ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கருக்கு எதிராக நின்றபோது, ஆறே முக்கால் அடிக்கும் மேலான அண்டர்டேக்கர் அவர் முன்னால் சிறு பையனாகத் தெரிந்தார். ஆனாலும் அந்தப் போட்டியை நடத்திய நிறுவனத்தில் கொன்சாலஸ் ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. எல்லாக் காலத்துக்குமான மாவீரர்கள் யார் என்று பேச உட்காருகிற எவர் வாயிலும் அவர் பெயர் முதலில் வருவதில்லை. உயரத்தில் ஜெயித்தவர் கதையில் நிற்கவில்லை. அப்படியானால் நிற்கவைப்பது எது?

இந்தக் கேள்வியை உடலின் இயற்பியலிலிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஏனென்றால் விடையின் முதல் பாதி அங்கேதான் இருக்கிறது.

1910 செப்டம்பர் 10. லண்டனில் இந்தியாவின் காமா பயில்வானும் போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோவும் மோதினார்கள். இது ஜோடனை இல்லாத, நிஜமான போட்டி. தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஸிபிஸ்கோ தரையோடு தரையாகக் கவிழ்ந்து படுத்துவிட்டார். கை கால்களை அகட்டி வைத்துக்கொண்டு எழவே மறுத்தார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் காமா இழுத்துப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார், நெம்பிப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் சமன் என்று அறிவித்தார்கள். பார்க்க வந்தவர்களுக்குச் சலிப்பு. ஒரு பொருளின் நிறைமையம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அதன் அடித்தளம் எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு அதைக் கவிழ்ப்பது கடினம். நூறு கிலோவுக்கு மேலான மனிதர் தரையில் பரப்பிக்கொண்டு படுத்தால் காமாவாலும் அசைக்க முடியாது. மறு போட்டிக்குக் குறித்த நாளில் ஸிபிஸ்கோ வரவே இல்லை. 18 ஆண்டுகள் கழித்து 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதியபோது, நின்றபடியே நெருங்கிய அவரைக் காமா ஒரு நிமிடத்துக்குள் சாய்த்துவிட்டார்.

எதிராளி ஒத்துழைக்காவிட்டால் உலகின் மிகப் பெரிய வீரனின் பலமும் கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு அந்த லண்டன் மாலையைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. தொழில்முறை மல்யுத்தம் இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த தீர்வுதான், முடிவை முன்பே பேசி வைத்துக்கொள்வது. 1989இல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில், இது போட்டியல்ல, கேளிக்கை என்று, ரெஸில்மேனியாவை நடத்திய வின்ஸ் மெக்மானின் நிறுவனமே ஒப்புக்கொண்டது. விளையாட்டுப் போட்டிகளுக்கான அரசுக் கட்டுப்பாட்டிலிருந்தும் கட்டணத்திலிருந்தும் விலக்குப் பெறத்தான் அந்த ஒப்புதல். உள்ளே இருந்தவர்களுக்கு அது பல தலைமுறை பழைய விஷயம்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்திய நகரங்களைக் கட்டிப்போட்ட ஜோடி தாரா சிங்கும் கிங் காங்கும். தாரா சிங் 1928இல் அமிர்தசரஸ் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே சிங்கப்பூருக்குப் போய் அங்கே பெயர் எடுத்தவர். கிங் காங்கின் இயற்பெயர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். அவர் எடை 200 கிலோ என்றும் தாரா சிங் 130 கிலோ என்றும் அந்தக் காலத்தவர் சொல்வார்கள். அந்த மலையைத் தாரா சிங் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றிப் போட்டார் என்பதுதான் இன்றுவரை தாத்தாக்கள் பேரன்களிடம் கையை உயர்த்திக் காட்டிச் சொல்லும் கதை.

200 கிலோவைத் தூக்க மனிதனால் முடியுமா என்றால், முடியும். பளுதூக்கலில் ஜார்ஜியாவின் லாஷா தலாகாட்ஸே 2021இல் 267 கிலோவைத் தலைக்கு மேல் ஏற்றியிருக்கிறார். ஆனால் இரும்புத் தண்டு நேராக இருக்கும், கைக்கு வாகாகப் பிடி கொடுக்கும், திமிறாது. மனித உடல் அப்படியல்ல. அதன் எடை பல மூட்டுகளில் பிரிந்து தொங்குகிறது. நிறைமையம் வயிற்றுக்கு உள்ளே எங்கோ இருக்கிறது, அதைக் கையால் பற்ற முடியாது. தூக்கப்படுபவர் உடம்பைத் தளர்த்தித் தொங்கவிட்டால் போதும், அத்தனை கிலோவும் தூக்குபவரின் இடுப்பில் வந்து இறங்கும். மல்யுத்தக்காரர்கள் இதற்கு மணல் மூட்டை ஆவது என்பார்கள். பிடிக்காத கூட்டாளியைப் பழிவாங்க இது ஒரு வழி.

மாறாக, அவர் சரியான கணத்தில் காலை ஊன்றி எம்பினால் கணக்கே மாறிவிடும். ஒருவரின் நிறைமையத்தை 60 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 சென்டிமீட்டரை அவரே எம்பிக் கடந்தால், வேலையில் மூன்றில் ஒரு பங்கு முடிந்தது. தூக்குபவரின் தொடையில் ஒரு கையை ஊன்றி அழுத்தினால் இன்னும் கொஞ்சம் குறையும். மேலே போனதும் உடம்பை விறைப்பாக வைத்து, நிறைமையத்தைத் தூக்குபவரின் தோளுக்கு நேர் மேலே கொண்டுவந்து நிறுத்தினால் தாங்குவது எலும்பாகிவிடும், தசைக்குச் சுமை குறையும். இதைச் சொல்வதால் தாரா சிங்கின் பலம் ஒரு துளியும் குறையாது. மிச்சமுள்ள மூன்றில் இரண்டு பங்கைத் தூக்க உங்களாலும் என்னாலும் ஆகாது. ஆனால் அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் கண் மேலே இருப்பவரிடம்தான் போகிறது. 200 கிலோ எடையோடு, சரியான அரை வினாடியில் எம்பத் தெரிந்த மனிதர் அவர்.

1987 மார்ச் 29 அன்று மிச்சிகனில் ஹல்க் ஹோகன் ஆந்த்ரே த ஜயன்டைத் தூக்கிப் போட்டதும் இதே கதைதான். ஆந்த்ரேக்கு அப்போது முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. உடைக்கு அடியில் முதுகுப் பட்டை கட்டியிருந்தார். தூக்க ஆந்த்ரே விடுவாரா என்பது அந்தக் கணம்வரை தனக்கே உறுதியில்லை என்று ஹோகன் பின்னாளில் சொன்னார். ஆந்த்ரே விட்டார். ஹோகன் மாவீரர் ஆனார்.

தூக்கியாயிற்று, இனி விழ வேண்டும். விழுவதில்தான் இந்தக் கலையின் உச்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ரிங் என்பது பெரும்பாலும் 18 அல்லது 20 அடிச் சதுரம். அடியில் எஃகுச் சட்டங்கள், அதன் மேல் பலகைகள், மேலே மெல்லிய நுரைப்படுகை, கித்தான். மெத்தை மாதிரி இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை அதில் முட்டி போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 19 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் ஒரு சென்டிமீட்டருக்குள் சுழியானால் உடல் ஈர்ப்பு விசையைப் போல 150 மடங்கு அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். பத்து சென்டிமீட்டரில் சுழியானால் 15 மடங்கு போதும். உயிருக்கும் சாவுக்கும் இடையே இருப்பது அந்த ஒன்பது சென்டிமீட்டர். பலகை வளைந்து அதில் கொஞ்சம் தருகிறது. மிச்சத்தை வீரரின் உடல் தர வேண்டும். மோவாயை மார்போடு ஒட்டவேண்டும், தலை பின்னால் அடிபடக் கூடாது. மூச்சை விட்டபடி விழ வேண்டும். முதுகின் மேற்பகுதி முழுவதும், இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். விசை பரந்த இடத்தில் பிரிந்துவிடும். மாதக்கணக்கில் வேறு எதையும் சொல்லித்தராமல் இதை மட்டுமே பழக்கும் பள்ளிகள் உண்டு.

கையைத் தரையில் அறையும்போது எழும் ஓசை இன்னொரு வேலையும் செய்கிறது. 1997இல் 'நேச்சர்' இதழில் செகுலரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையில் இரண்டு வட்டுகள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. ஓசை இல்லாதபோது பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அவை ஊடுருவிப் போனதாகவே சொன்னார்கள். இரண்டும் சேரும் கணத்தில் 'டக்' என்று ஒரு சிறு ஓசை சேர்த்ததும், அதே படத்தில் வட்டுகள் மோதித் திரும்பியதாகப் பலரும் கண்டார்கள். கண் பார்ப்பதைக் காது திருத்துகிறது. குத்து விடும்போது வீரர் காலால் பலகையை மிதிப்பது இதற்காகத்தான். முகத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போன கை, அந்த ஓசையால் நம் மூளைக்குள் முகத்தில் இறங்குகிறது.

ஆனால் எல்லா விழுதலும் இப்படிக் கணக்குக்குள் அடங்குவதில்லை. 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். சுமார் 16 அடி உயர இரும்புக் கூண்டின் மேலிருந்து மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் தள்ளிவிட்டார். வர்ணனையாளர் மேசை மீது ஃபோலி வந்து விழுந்தார். 16 அடி என்பது ஏறத்தாழ 4.9 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து விழ ஒரு பொருள் எடுத்துக்கொள்ளும் நேரம் சரியாக ஒரு வினாடி. கீழே வரும்போது வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். மேசை நொறுங்கியது. அது நொறுங்கியதால்தான் அவர் பிழைத்தார், அந்த ஆற்றலில் ஒரு பகுதி மரத்தை உடைக்கச் செலவாகிவிட்டது. தூக்குப்படுக்கையில் கிடத்திக் கொண்டுபோனார்கள். அவர் அதிலிருந்து இறங்கி, மறுபடி கூண்டின் மேல் ஏறினார். இம்முறை கூரைக் கம்பிவலை பிய்ந்து ரிங்குக்குள் விழுந்தார். பல் உடைந்தது. அப்போதும் ஆட்டத்தை முடித்தார்.

அந்தச் சண்டையில் ஜெயித்தது அண்டர்டேக்கர். டிரம்ப் கார்டு எழுதுபவர் 'ஜெயித்த சண்டைகள்' வரிசையில் அவருக்கு ஒன்று கூட்டியிருப்பார், ஃபோலிக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்று அழியாத பெயர் பெற்றவர் தோற்றவர். அண்டர்டேக்கரின் பெயரும் கூடவே உயர்ந்தது என்றால், அதை உயர்த்திக் கொடுத்தவரும் ஃபோலிதான். அவருடைய உடல் அதற்குக் கொடுத்த விலை அதிகம். அந்த விலையை வியப்பென்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. இன்று தலைக்காயங்களைப் பற்றி மருத்துவம் அறிந்திருப்பவற்றை வைத்துப் பார்த்தால், அப்படியொரு விழுதலை இனி எவரும் எவரிடமும் கேட்கக் கூடாது.

உடல் கொடுக்கும் விலை விழுவதில் மட்டுமில்லை. கொன்சாலஸ், ஆந்த்ரே, நம் இமாச்சலப் பிரதேசத்தின் 'கிரேட் காளி' தலீப் சிங் ராணா மூவரின் உயரத்துக்கும் காரணம் ஒன்றே. மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி, வளர்ச்சி ஹார்மோனை நிறுத்தாமல் சுரக்கிறது. எலும்பு முனைகள் மூடும் முன் அது நேர்ந்தால் உயரம் கூடுகிறது. மூடிய பின்னும் தொடர்ந்தால் தாடையும் கையும் காலும் பெருக்கின்றன, இதயம் வீங்குகிறது. ஆந்த்ரே 1993இல் 46 வயதில் இறந்தார். கொன்சாலஸ் 2010இல், நாற்பதுகளின் நடுவில். காளி 2012இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். கூட்டம் வாய்பிளந்து பார்த்த உருவம் ஒரு நோயின் உருவம்.

இனி பார்வையாளரின் மூளைக்குள் போவோம்.

பிறர் வலியைப் பார்க்கும்போது நம் மூளையில், நமக்கே வலிக்கும்போது இயங்கும் சில பகுதிகள் இயங்குகின்றன என்று 2004இல் டானியா சிங்கரின் குழு காட்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழு இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டது: வலியில் இருப்பவன் அயோக்கியனாக இருந்தால்? சோதனைக்கு வந்தவர்கள் முதலில் இரண்டு பேரோடு பணம் வைத்து ஒரு விளையாட்டு ஆடினார்கள். ஒருவர் நேர்மையாக நடந்துகொண்டார், மற்றவர் ஏமாற்றினார். பிறகு அந்த இருவருக்கும் வலி தரப்படுவதைப் பார்த்தார்கள். நேர்மையானவருக்கு வலித்தபோது பார்ப்பவரின் மூளையும் நொந்தது. ஏமாற்றியவருக்கு வலித்தபோது, குறிப்பாக ஆண்களிடம், அந்த நோவு வெகுவாகத் தணிந்தது. அதற்குப் பதில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதி விழித்துக்கொண்டது.

மல்யுத்தத்தின் வில்லன் நடுவர் திரும்பும் நேரம் பார்த்துக் கண்ணில் பொடி தூவுவதும் நாற்காலியால் முதுகில் அடிப்பதும் எதற்கு என்று இப்போது விளங்கும். அவன் செய்யும் ஒவ்வொரு அநியாயமும், பின்னால் அவன் வாங்கப்போகும் அடியை நாம் உறுத்தலின்றி ரசிக்கத் தரும் அனுமதி.

சென்னைக்கு இதை ஆய்வுக்கூடம் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. கோபாலபுரத்தில் வாழ்ந்த எம்.என். நம்பியார் நமக்கு அதைப் பல பத்தாண்டுகள் நடித்துக் காட்டினார். 1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் சாதுவான எம்.ஜி.ஆரை அவர் சாட்டையால் அடிக்க அடிக்கக் கொட்டகை கொதித்தது. இன்னொரு எம்.ஜி.ஆர் அதே சாட்டையை வாங்கித் திருப்பி அடித்தபோது எழுந்த விசில், முதல் அடிகள் இல்லாமல் வந்திருக்காது. நம்பியார் சைவ உணவுக்காரர், மது தொடாதவர், ஆண்டு தவறாமல் சபரிமலைக்குப் போன குருசாமி. அவரைத் திட்டித் தீர்த்தவர்களில் பலருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் திட்டினார்கள். எம்.ஜி.ஆரின் மாவீரத்தில் நம்பியாருக்கு எவ்வளவு பங்கு என்று நாம் இன்னும் சரியாகக் கணக்குப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

முடிவு முன்பே தெரிந்தது என்றால் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், கந்த சஷ்டியில் கபாலீசுவரர் கோயில் பக்கமோ வடபழனியிலோ சூரசம்ஹாரம் பார்க்க வேண்டும். சூரன் தலை மாற்றி மாற்றி வருவான். ஒவ்வொரு தலையும் விழும் என்பது தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். ஒவ்வொரு தலைக்கும் கூட்டம் ஆர்ப்பரிக்கும். 2011இல் கலிபோர்னியாவின் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் சிறுகதைகளை வைத்துச் சோதித்தபோது, முடிவை முன்கூட்டித் தெரிந்துகொண்டு படித்தவர்கள் கதையைக் குறைவாக அல்ல, கொஞ்சம் கூடுதலாகவே ரசித்தார்கள். 'என்ன ஆகும்' என்ற கவலை விலகியதும் 'எப்படி ஆகிறது' என்பதில் மனம் தங்குகிறது. மல்யுத்தத்தில் அந்த 'எப்படி'தான் எல்லாம்.

சரி, ரசித்தாயிற்று. ரசித்ததெல்லாம் நினைவில் நிற்பதில்லையே. டேனியல் கானமனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட சோதனை இங்கே உதவும். 14 டிகிரிக் குளிர்நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருப்பது ஒரு வகை. அதே ஒரு நிமிடத்தோடு, நீரை மெல்ல 15 டிகிரிக்குச் சூடாக்கியபடி இன்னும் அரை நிமிடம் வைத்திருப்பது இரண்டாவது வகை. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டால், அதிக நேரம் வலித்த இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் தேர்ந்தார்கள். மனம் மொத்தக் கால அளவைக் கூட்டுவதில்லை. உச்சத்தையும் முடிவையும் எடுத்து வைத்துக்கொள்கிறது. தாரா சிங் நூற்றுக்கணக்கான சண்டைகள் போட்டவர். 1968 மே 29 அன்று பம்பாயில் லூ தெஸைத் தோற்கடித்து உலகப் பட்டம் வாங்கியவர். ஆனால் ஊர் எடுத்து வைத்துக்கொண்டது தூக்கிய அந்த ஒரு கணத்தை. ஒற்றைப் படமாகச் சுருங்க முடியாத வீரர் எவ்வளவு திறமைசாலியானாலும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருவதில்லை.

அந்தப் படம் எந்த வயதில் நமக்குக் கிடைக்கிறது என்பதும் முக்கியம். 2012இல் ஜான்சன், ரூபின், கான்வே மூவரும் எல்லாக் காலத்துக்குமான சிறந்த கால்பந்து வீரர்கள் யார் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் பெரும்பாலும், தாம் பதின்ம வயதில் இருந்தபோது உச்சத்தில் ஆடியவர்களைத்தான் சொன்னார்கள். எல்லாக் காலத்துக்கும் என்று கேட்டாலும் பதில் அவரவர் காலத்திலிருந்து வந்தது. ஒரே மயிலாப்பூர் வீட்டில் தாத்தாவுக்குத் தாரா சிங், அப்பாவுக்கு அண்டர்டேக்கர், பிள்ளைக்கு ரோமன் ரெய்ன்ஸ் என்று மூன்று மாவீரர்கள் இருப்பதில் வியப்பில்லை. மூவர் சொல்வதும் உண்மை.

என் தலைமுறைக்கு அண்டர்டேக்கர். அவருக்கு ஏழு உயிர் என்று நம்பினோம். இன்றுவரை எத்தனை போயிருக்கிறது, எத்தனை மிச்சம் என்பதில் தெருவுக்குத் தெரு கணக்கு வேறுபட்டது. இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தேடியபோது அதற்கு வேர் இருப்பது தெரிந்தது. 1994 ஜனவரியில் ஒரு சண்டையில் பத்துப் பேர் சேர்ந்து அண்டர்டேக்கரைச் சவப்பெட்டிக்குள் அடைத்தார்கள். அரங்கக் கூரைக்கு அவர் உருவம் எழும்பிப் போவதாகக் காட்டினார்கள். பிறகு பல மாதம் ஆளே இல்லை. நடுவில் பிரையன் லீ என்ற வேறொருவர் அதே உடையில் வந்தார். ஆகஸ்டில் நிஜ ஆள் திரும்பி வந்து போலியை வீழ்த்தினார். அந்த பிரையன் லீயே 1996இல் 'கிலாடியோன் கா கிலாடி' இந்திப் படத்தில் அண்டர்டேக்கராக அக்ஷய் குமாரோடு மோத, குழப்பம் முழுமையானது. இணையம் இல்லை. கேபிளில் சண்டைகள் முன்பின்னாக வந்தன. விட்டுப்போன இடங்களைத் தெரு நிரப்பியது. பிரடெரிக் பார்ட்லெட் 1932இல் எழுதியதும் இதைத்தான்: ஒரு கதை கைமாறும்போது, கேட்பவர் தமக்குப் பழகிய அச்சில் அதை மறுபடி வார்க்கிறார். செத்துச் செத்துப் பிழைப்பவன் நமக்குப் பழகிய அச்சு. ஏழு உயிரை அமெரிக்க நிறுவனம் எழுதவில்லை. அதை எழுதியது நம் தெருக்கள்.

இப்படிச் சொல்லிச் சொல்லி நிலைத்த மல்லர்களில் தமிழில் மிகப் பழையவரைப் பார்க்கப் புறநானூற்றுக்குப் போக வேண்டும். 1894இல் உ.வே. சாமிநாதையர் அதை அச்சில் கொண்டுவந்தார். அவர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த ஏடுகள் பல, ருக்மிணி தேவி 1943இல் அவர் பெயரில் தொடங்கி இப்போது பெசன்ட் நகரில் இருக்கும் நூல்நிலையத்தில் உள்ளன. 80 முதல் 85 வரையிலான ஆறு பாடல்களும் ஒரே வீரனைப் பற்றியவை. போரவைக் கோப்பெருநற்கிள்ளி, உறையூர்த் தித்தனின் மகன், தந்தையோடு பகை. அயலூரான ஆமூரில் ஒரு மல்லனோடு மோதுகிறான்.

சாத்தந்தையார் பாடிய 80ஆம் பாட்டு, பிடியை அப்படியே வரைந்து காட்டுகிறது: ஒரு கால் எதிராளியின் மார்பில், மற்றொரு கால் அவன் தந்திரங்களைத் தடுத்தபடி முதுகுப்பக்கம். நிறைமையத்தைப் பூட்டும் பிடி அது. இன்றைய பயிற்சியாளர் ஒருவர் படித்தாலும் தலையாட்டுவார். 82ஆம் பாட்டு வேகத்தைப் பேசுகிறது. 83 முதல் 85 வரை பாடியவர் நக்கண்ணையார், அவன் மேல் காதல் கொண்ட பெண். 85இல் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. அவனே வென்றான் என்கிறது ஒரு பக்கம், இல்லை என்கிறது மறு பக்கம். இந்த ஊர் அவன் ஊரில்லை, இந்த நாடு அவன் நாடில்லை. அவள் ஓடிப்போய் ஒரு பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்க்கிறாள், அவன் வெற்றியைத் தான் கண்டதாகச் சாட்சி சொல்கிறாள். கோதாவை நடுநிலையோடு பார்த்த சாட்சி அல்ல அது. முழுக்க முழுக்க ரசிகையின் சாட்சி. கிள்ளியை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு தாங்கி நிற்பது அந்தச் சாட்சிதான். அவன் உயரமும் மார்பளவும் எவருக்கும் தெரியாது.

எதிரில் நின்ற மல்லனின் பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை. ஆனால் சாத்தந்தையாருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. 80ஆம் பாட்டில் கிள்ளியின் காலும் பிடியும் வருவதற்கு முன்பே, அந்த ஆமூர் மல்லன் எவ்வளவு வலியவன் என்பதை அவர் சொல்லிவிடுகிறார்.